சிலிண்டர் ஸ்டாண்டு

— அறுக்கதுக்கு எதுக்குலே இவ்வளவு அவசரம்? மாட்டி ஆறு மாசம்கூட ஆகலியே.

— எஃப்.சி.க்குப் போகணும் அண்ணாச்சி. பின்னாடி ஸ்டாண்டு இப்படித் துருத்திக்கிட்டு நின்னா பிரேக் இன்ஸ்பெக்டரு விடுவாரா? அறுத்துட்டு, கிரைண்டிங் புடிச்சி, பெயிண்டு அடிச்சிருங்க. தடமே தெரியக் கூடாது.

— தடமே தெரியக் கூடாது...

— ஆமா. பாக்க நல்லாருக்கும்லா.

— மாட்டும்போது என்ன பேச்சுப் பேசுன லிங்கேஷு! 'தங்கப்பழம் அண்ணாச்சி வெல்டிங் பத்த வச்சா வேன் போனாலும் ஸ்டாண்டு போகாது'ன்னு வீடியோல்லாம் போட்ட. டூரு வந்த பயலுவ அந்த ரெண்டு சிலிண்டரையும் கட்டிப் புடிச்சி போட்டோ எடுத்தானுவ.

— அது அப்ப.

— உள்ள வச்சா லீக்கான கேசு தரையோட தங்கும், ஒருத்தன் சிகரெட்டு பத்த வச்சா மொத்த வண்டியும் போயிரும், வெளிய நிமித்தி வச்சு மாட்டித் தாங்கன்னு காலப் புடிக்காத கொறையா நின்ன. இனி மலையில டென்டு போட்டு நூடுல்ஸ எதுல கிண்டுவ? சுள்ளி பொறக்குவியோ?

— இனி டென்டு டூரே வேண்டாம் அண்ணாச்சி. கோயிலு, கல்யாணப் பார்ட்டி... அதோட நிப்பாட்டிக்கிடலாம்னு.

— திருந்திட்டியாக்கும்.

— கிண்டல் பண்ணாதீங்க. கட்டிங் மெஷின எடுங்க.

— கரண்டு இல்லலே.

— எப்ப வரும்?

— வரும்போது வரும். அந்த ஸ்டூல்ல இரி. டீ சொல்லட்டா?

— வேண்டாம்... வெயிலு இந்தப் போடு போடுது, டீங்கீங்க.

— கண்ணெல்லாம் ஏன் இப்படிச் செவந்து கெடக்கு? தூங்குததே இல்லியா?

— ட்ரிப்பு. அடுத்தடுத்து ட்ரிப்பு.

— ம்... அதான் எம் மருமவன் மாரிராஜு செத்த கேதத்துக்கும் நீ வரல போல. ஊரே வந்துச்சு. பூ மார்க்கெட்டுல அன்னைக்கு ஏலமே விடல, அம்புட்டுப் பேரும் வந்துட்டானுவ. புளியங்குடியில இருந்து எலுமிச்ச யாவாரிகூட வந்தான். ஒன்னைய மட்டும் காணும். மாரிராஜும் நீயும் ஒண்ணாத்தான படிச்சிய?

— ஒரே பெஞ்சு அண்ணாச்சி.

— எம் மவ காவியா கேட்டா. 'தாலி கட்டுத அன்னைக்கு அவுக பக்கத்துல நின்னது லிங்கேஷ் அண்ணந்தான, அவுக ஏம்ப்பா வரல'ன்னு. நான் என்ன சொல்ல?

— கொடைக்கானல்ல கெடந்தேன். போனு எடுக்கல. தெரியும்போது எல்லாம் முடிஞ்சிபோச்சு. பெறவு எந்த மொகத்த வச்சிக்கிட்டு...

— கேதம் கேக்க வாரதுக்குத் தனியா ஒரு மொகம் வேணுமாலே?

— அப்படிச் சொல்லல. நாள் கழிச்சி வந்தா நல்லாருக்காதேன்னு... அந்த லாரிக்காரன் கெடச்சானா?

— எந்த லாரிக்காரன்?

— கம்பி லோடு லாரின்னுதான பேசிக்கிட்டாவ.

— ஆமா, அப்படித்தான் பேசிக்கிடுதாவ. மேலநீலிதநல்லூர்ல இருந்து பிச்சிப்பூ மூட்டைய டிவிஎஸ்ல கெட்டிக்கிட்டு விடியக்கருக்கல்ல வந்திருக்கான். லைட்டு இல்லாம ஓரத்துல ஏதோ வண்டி நின்னுருக்கு. நேராப் போயி விட்டுட்டான். பின்னாடி நீட்டிக்கிட்டு நின்ன கம்பி நெஞ்சுல ஏறிட்டு. வண்டி போயிட்டு, கம்பி அவங்கூட கெடந்துச்சு. போலீசு கம்பி லாரியாத் தேடிக்கிட்டு இருக்கு.

— கெடைப்பான் அண்ணாச்சி.

— கெடைப்பானா?

— சாமின்னு ஒண்ணு இருக்குல்லா.

— சாமிய விடு. அப்பவே தூக்கிப் போட்டுக் கொண்டாந்திருந்தா பொழச்சிருப்பான்னு டாக்டரு சொன்னாரு. பால்காரன் வந்து பாக்க வரைக்கும் உசுரு இருந்திருக்கு. தண்ணி கேட்டானாம்.

— அண்ணாச்சி... அத ஏன் இப்ப...

— நெனப்பு வருது, சொல்லுதேன். அவ கேக்காளே தெனமும், 'ஒரு மனுசன் எறங்கிப் பாத்திருக்க மாட்டானாப்பா'ன்னு... சரி, கரண்டு வரதுக்குள்ள எங்கன அறுக்கணும்னு பாத்து வைப்போம். இது என்னது, இந்தப் பைப்பு வாயி பொளந்து கெடக்கு?

— ரிவர்ஸ் எடுக்கையில செவுத்துல முட்டிட்டேன்.

— செவுத்துலயா. அடுப்புப் பலகை தாங்கதுக்கு ரெண்டு கம்பி சொருகிக் குடுத்தேன். ஒண்ணுதான இருக்கு?

— இன்னொண்ணு எங்கயோ விழுந்துட்டு.

— எங்க?

— எங்கன்னு தெரிஞ்சா எடுத்திர மாட்டனா? மலை ரோடு அண்ணாச்சி. குலுக்கல்ல விழுந்திருக்கும்.

— சமைச்சி முடிச்ச ஒடனே கம்பிய உருவி வண்டிக்குள்ள போட்டுரணும்னு சொன்னனா இல்லியா?

— சொன்னீய. நானும் ஒண்ணு சொன்னேன், நெனப்பிருக்கா? உருவுத சோலியே வேண்டாம், கதவு மாதிரி மடக்கி வைக்கதுக்குக் கீல் போட்டுத் தாங்கன்னு கேட்டேன். நீங்கதான் நேரமில்லன்னு நேராச் சொருகி விட்டுட்டீய. குத்தம் சொல்லல அண்ணாச்சி. பேச்சுக்குச் சொன்னேன்.

— நீ சொன்னது சரிதான். பலகை நழுவக் கூடாதுன்னு மொனையில ஒரு நட்டு வச்சிப் பத்த வச்சேன். டிராக்டர் கலப்பையில உள்ள பழைய நட்டு. இந்தா, இந்தக் கம்பியில இருக்கு பாரு. சோடிக்குச் சோடி.

— இருக்கட்டும், அறுத்துட்டா எல்லாம் காயலாங்கடைக்குத்தான போவப் போவுது... அண்ணாச்சி.

— என்ன?

— எதுத்த டீக்கடையில ஃபேன் ஓடுது.

— ஓடட்டும்.

— கரண்டு இருக்கு.

— இருக்கு.

— பெறவு ஏன் இல்லன்னீய?

— ஒன் வேனு முக்குல திரும்பும்போதே ஃபீஸ் கட்டையப் புடுங்கிட்டேன். எந்திரிக்காத. இரி. இந்த ஊர்ல எத்தன பட்டற கெடக்கு, அறுக்கதுக்கு ஏன் ஏங்கிட்ட வந்த?

— ராஜபாளையம் ரோட்டுல ஒருத்தங்கிட்டப் போனேன். 'தங்கப்பழம் அண்ணாச்சி பத்த வச்சதுல்லா, அவருட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு அறுக்கேன்'னு போன எடுத்தான். வேண்டாம், நானே அவருட்டப் போறேன்னு வந்துட்டேன்.

— அவன் போன் போட்டுட்டான்லே. ஒனக்கு முன்னாடியே.

— அண்ணாச்சி...

— சொல்லு.

— வேணும்னு செய்யல. டூர் பயலுவள திருநெல்வேலியில எறக்கி விட்டுட்டுத் தனியா வந்தேன். கண்ணு சொக்கிட்டு. ஓரங்கட்டி, லைட்ட அணைச்சிட்டு அப்படியே சாஞ்சிட்டேன். கம்பிய உருவல. பத்து எட்டு தள்ளி நிப்பாட்டியிருந்தாக்கூட வேனு ரோட்ட விட்டுக் காட்டு ஓரமாப் போயிருக்கும்... டொம்முன்னு ஒரு சத்தம். எறங்கிப் பாத்தா ரோடெல்லாம் பூவாக் கெடக்கு.

— எறங்கிப் பாத்திருக்க.

— பாத்தேன்.

— ஆள் யாருன்னு தெரிஞ்சிச்சா?

— இருட்டு அண்ணாச்சி... கையும் ஓடல காலும் ஓடல...

— கேட்டதுக்குப் பதில் சொல்லு. தெரிஞ்சிச்சா?

— பேரச் சொல்லிக் கூப்புட்டான். 'லிங்கேஷு, தூக்குலே'ன்னான். நான் வண்டிய எடுத்துட்டேன் அண்ணாச்சி... அடிங்க. கொன்னு கூடப் போட்டுருங்க. ஸ்டாண்ட மட்டும் அறுத்துருங்க.

— ஒன்னைய அடிக்கதுக்கு எனக்குக் கை கெடையாதுலே. ஆஸ்பத்திரியில இன்ஸ்பெக்டரு அந்தக் கம்பிய எங்கிட்டத்தான் நீட்டுனாரு. 'நீரு வெல்டருல்லா, இது எதுல உள்ளதுன்னு தெரியுதா'ன்னாரு. மொனையில எங் கலப்ப நட்டு. ரத்தம் காயல. நீ கீல் போட்டுத் தரக் கேட்டதும், நான் மாட்டேன்னதும் அப்பத்தான் ஞாவகம் வருது. பக்கத்துல காவியா நிக்கா. 'தெரியலய்யா, ஏதாவது கம்பி லாரியில உள்ளதா இருக்கும்'னுட்டேன். லாரின்னு போலீசு எழுதுனது நான் சொல்லித்தான். அறுக்க வாண்டாம், ஸ்டாண்டு அப்படியே இருக்கட்டும், ஸ்டேஷன்ல அவுக பாக்கணும். வண்டிய எடு. மொதல்ல எங்க வீட்டுக்கு விடு, காவியா இருக்கா... நானும் எம் மவகிட்ட இன்னும் கேதம் கேக்கல.