மந்திரக்காரிக்கு ஒரு ராக்கெட்

கிழக்கேகோட்டை பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். மூத்தவள் சொன்னாள், "உன்னைக் கொல்ல எனக்கு மனசு வரல கேட்டியா."

கம்பியைப் பிடித்து நின்றவர் திரும்பிப் பார்த்தார்.

"நம்ம பகடைக் கேமை விட்டுப் போறவங்களோட வேஷம் கதையில சாகணும்னு ரூல் உண்டுல்லா," என்றாள் இளையவள். அவள் மடியில் ஜெர்மன் பாடப்புத்தகம். "நான்தான் வெளிநாடு போறேன்லா, என் மந்திரக்காரியை டிராகன் தின்னட்டும் அக்கா."

"வேண்டாம். இந்த ஞாயித்துக்கிழமை நம்ம காட்டுல ஒரு ராக்கெட் வந்து இறங்கும். நீ அதுல ஏறிப் போயிரு."

"வாளும் டிராகனும் உள்ள ராஜ்யத்துல ராக்கெட்டா? மத்தவங்க சிரிப்பாவ."

"சிரிக்கட்டும். கதை சொல்லுகது நானாக்கும்."

பஸ் தம்பானூரைத் தாண்டியது. இளையவள் வெளியே பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அந்த ராக்கெட் திரும்பி வருமா?"

"அது பெட்ரோல்ல ஓடுகது இல்ல. மந்திரத்துல ஓடுகது. நீ சொன்னா வரும்."

இறங்கும் இடம் வந்தது. இளையவள் பைக்குள் தேடி, விளையாட்டுக்கு எப்போதும் கொண்டுவரும் தன் நீலப் பகடையை எடுத்து அக்காவின் உள்ளங்கையில் வைத்தாள்.

"அப்போ இது இங்கயே இருக்கட்டும். வேற யாருக்கும் கொடுக்காதீங்க."