கணுக்காலுக்கு மேல

…வீங்கவே இல்லையே, அப்புறம் எப்படி ஆறு வாரம்ங்கிறாரு அந்த டாக்டரு? நீயே பாரு ஆனந்தி, நல்லாக் கிட்ட வந்து பாரு. நீ இந்த எஸ்டேட்டு லயத்து வீட்டுக்குக் குடிவந்து பத்து நாளுகூட ஆகல, ஒங்கிட்டப் பொய் சொல்லி எனக்கு என்ன ஆகப்போகுது! போன வருசம் கொழுந்துக் காட்டுல வழுக்கி விழுந்தேன், கணுக்கால் பூசணிக்காயாட்டம் வீங்குச்சு. அதுக்கே பத்து நாளுல கூடையத் தூக்கிட்டேன்.

இது வேறயாம். அது கணுக்காலுக்குக் கீழ, இது மேல. முழங்காலுக்குக் கீழ ரெண்டு எலும்பு இருக்காமில்ல, அதச் சேத்துப் புடிச்சிருக்கிற நாரு விட்டுப்போச்சாம். கெண்டைக்கால ஒரு அமுக்கு அமுக்குனாரு பாரு… ஆத்தாடி! அமுக்குனது அங்க, வலிச்சது இங்க. பாதத்த வெளிப்பக்கமாத் திருப்புனாரு, உசுரே போச்சு. எங்க வீட்டுக்காரரு வேற, சுளுக்கு எடுக்குறேன்னு முந்தின நாளே வெளக்கெண்ணெயப் போட்டு உருவு உருவுன்னு உருவிட்டாரு. பாவி மனுசன்!

ஞாயித்துக்கெழம ஓணத்து வடம்வலி, அதான் கயிறு இழுக்குற போட்டி, பைனலு. எங்க டீமுல நான்தான கடைசி ஆளு, கயித்த மேல சுத்திக்கிட்டு நிக்கிறவ. நான் இல்லாம இவளுக இழுத்து… கிழிச்சாளுக!

எல்லாம் அந்தக் குழியால. செமி பைனல்ல மொத ரவுண்டு அந்த எடத்துல நின்னது யாரு? எதிர் டீமு, கீழ் லயத்து மாரித்தாயி. ரெண்டாவது ரவுண்டுல பக்கம் மாறி நான் போயி நின்னு, பின்னால ஒரு எட்டு வச்சேன்… காலு குழிக்குள்ள, ஒடம்பு கயித்தோட. முறுக்கிக்கிச்சு. அவதான் தோண்டிருப்பான்னு கமிட்டில சொல்லிட்டேன், அவ டீமையே வெளிய அனுப்பிட்டாக. இப்ப அவகூட யாரும் பேசுறதில்ல.

காலைல சுக்குக் காப்பி கொண்டாந்தா. "முருகேஸ்வரியக்கா, எம்புள்ள மேல சத்தியமா நான் தோண்டல"ன்னு அழுவுறா. நான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன். காப்பி மட்டும் குடிச்சேன், நல்லாத்தான் இருந்துச்சு.

என்ன, கதவுக்குப் பின்னால பாக்குற? களைக்கொத்துதான்… ஆமா, கிரவுண்டு மண்ணுதான் ஒட்டிருக்கு. சரி, குதிகால ஊணிக்க ஒரு புடிமானம் வேணாமா? விடியக்காலம் போயி நான்தான் வெட்டுனேன், போதுமா! யாரும் பாத்துறக் கூடாதுன்னு புல்லப் போட்டு மூடுனேன். டாஸ்ல அந்தப் பக்கம் மொதல்ல அவளுக்குப் போயிருச்சு. திரும்பி வந்து நிக்கையில எனக்கே எடம் தெரியல.

அவ அழுத மூஞ்சிய நெனச்சா சோறு எறங்க மாட்டேங்குது தாயி.

ஏய், எங்க எந்திரிச்சிட்ட? கீழ் லயத்துக்கா? நில்லுடி!… சரி, போ. போயி அவகிட்டயும் கமிட்டிலயும் சொல்லிரு. இன்னைக்கே சொன்னாத்தான் ஞாயித்துக்கெழம அவ கயித்தப் புடிக்க முடியும். நானே எறங்கிப் போயிச் சொல்லணும்னா ஆறு வாரம் ஆகுமே.