ஒரு லைக்குக்கு எட்டு மாசம்

உக்காருங்க தம்பி, ஓடிப்போயிராதிய. பம்பாயில, அதுவும் இந்தக் கிங்ஸ் சர்க்கிள் ஓட்டல்ல காப்பி வேண்டாம்னு சொன்ன மொத ஆளு நீங்கதான். உங்க போட்டோ குரூப்பு ஆளுக அந்தத் தோட்டத்து வாசல்லதான் நிக்காவ, எங்கயும் போயிர மாட்டாவ. என் பேரு தனசீலன். தாராவில பெல்ட்டு தைக்கிற கார்கானாவுல சூப்பர்வைசர். நீங்க படம் போடுத சைட்டுல நானும் தாராவி தனான்னு இருப்பேன். உங்க குரூப்பு இன்னைக்கு இங்க கூடுதுன்னு அதுலதான் பாத்தேன். பாத்ததில்லயா? ம். உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும், அதுக்கு நீங்க என்னயத் திரும்பிப் பாக்கணும்னு எட்டு மாசமா படம் போடுதேன்.

மெசேஜா? மூணு தடவ போட்டேன். பதிலே இல்ல. கூட வேல செய்யுத இஜாஸ் சொன்னான், சாச்சா, பெரிய ஆளுக நம்ம மெசேஜத் தொறக்கவே மாட்டாங்க, உங்க படம் மேல வந்தா அவங்களே வந்து பாப்பாங்கன்னு. சரின்னு செகண்ட் ஹேண்டுல ஒரு கேமரா வாங்குனேன்.

மொத படம், தண்ணி டாங்கு மேல புறா. ரெண்டு லைக்கு. ஒண்ணு இஜாஸ், இன்னொண்ணு நானே போட்டது. அதே மாரி புறாவ நீங்க போட்டா நாலாயிரம். அங்கதான் எனக்குச் சந்தேகம் தட்டுச்சு, இதுல ஏதோ செட்டிங் இருக்குன்னு. சிரிக்காதிய, செட்டிங்தான். நீ என் படத்துக்கு ரெண்டு வார்த்த எழுது, நான் உன் படத்துக்கு எழுதுதேன். எங்காளுக கிறிஸ்மஸுக்குப் பலகாரம் குடுத்து விட்டா தட்டு வெறுமன திரும்பி வராதுல்ல, அந்தக் கணக்கு. நானும் எழுதுனேன். எவனோ நார்வேக்காரன் வீட்டு நாய்க்கெல்லாம் நைஸ் ஷாட், நைஸ் ஷாட்னு. காலையில கார்கானா தொறக்கமுன்ன அம்பது பேருக்கு.

அப்புறம் படத்துக்குக் கீழ பேரு போடுத இந்த டேக்கு. எங்க தெருப் படத்துக்கு தாராவின்னு போட்டேன், பன்னெண்டு. ஸ்லம்முன்னு போட்டேன், முன்னூறு. எங்க வீட்டு டைல்ஸப் பாத்தா எவனும் அப்படிச் சொல்ல மாட்டான். இருந்தாலும் போட்டேன். என் தெருவ நானே அப்படி எழுதிப் போட்டது எனக்கு வெக்கமாத்தான் இருந்துச்சு.

நீங்களும் அந்த டேக்குலதான எங்க தெருவப் போட்டிருக்கிய. போன வருசம் மார்ச்சுல, தண்ணி வருத நேரம். பச்சக் கேன் பக்கத்துல குத்தவச்சு ஒரு பொம்பள சிரிக்கா. ஒம்பதாயிரம் லைக்கு. ஆமா, அதேதான். உங்க பக்கத்துல மொத படமா வச்சிருக்கியளே.

செல்போன எடுக்காதிய தம்பி, சண்டைக்கு வரல. இஜாஸ் அதக் காட்டும்போது கோவம் பத்திக்கிட்டு வந்தது வாஸ்தவம். இவன் யாரு, இவன்கிட்ட என்ன சிரிப்பு, எத்தன நாளா வந்து போறான்னு புத்தி எங்கெங்கயோ போச்சு. அக்கம்பக்கத்துல விசாரிச்சேன். நீங்க வந்தது அந்த ஒரே நாள்தானாம்.

அவ என் வீட்டுக்காரி, ஜெபசெல்வி. இல்ல, கூட்டிட்டு வர முடியாது. போன ஆகஸ்ட்ல தவறிட்டா. டெங்கு. அடக்கத்துக்குப் பேனர் அடிக்கப் படம் தேடுதோம், ஒண்ணுகூட இல்ல. சர்ச்சு அசன விருந்துல எடுத்தது எக்கச்சக்கமா கெடக்கு. எல்லாரும் எலை முன்னால உக்காந்து இளிச்சிக்கிட்டு இருக்கோம், அவ பின்னால சோத்துச் சட்டியோட முதுகக் காட்டிக்கிட்டு நிக்கா. இப்படித் திரும்பும்மான்னு ஒருத்தனும் சொல்லல, நானும் சொல்லல. கடைசில ஆதார் படத்தப் பெருசாக்கிப் போட்டோம்.

படமா? வேண்டாம் தம்பி. அடக்கம் முடிஞ்ச பொறவுதான் உங்க படம் கண்ணுல பட்டுச்சு, இஜாஸ் எறக்கிக் குடுத்து பிரேம் போட்டு மாட்டியாச்சு.

இருவத்தாறு வருசம் அவகூட ஒரே கோலியில, ஒத்த ரூமுல இருந்திருக்கேன். அந்தச் சிரிப்ப நான் ஒரு நாளும் பாத்ததில்ல. நீங்க அஞ்சு நிமிசம் நின்னிருப்பியளா? அவ்வளவுதான். அன்னைக்கு அவகிட்ட என்ன சொன்னிய? யோசிச்சுச் சொல்லுங்க. நான் இருக்கேன்.