சீசாவில் போன சர்க்கரை

முதலில் என் கண்ணில் பட்டது எறும்பு.

எறும்பைச் சொல்லிவிட்டு வணக்கம் சொல்கிறாளே என்று கோபிக்காதீர்கள். பயத்தில் வரிசை மாறிவிட்டது. மாதர் சங்கத்தின் மாண்பே, இந்தக் கூட்டத்தின் தலைவி தீர்த்தம்மாள் அவர்களே! சொன்ன நேரம் தவறாத, ஊசி போடும் இடமும் தவறாத நர்ஸ் ஜானகியம்மாள் அவர்களே! உலையை அணைத்துவிட்டு ஓடி வந்திருக்கும் அன்னையரே! மனைவிக்குத் துணையென்று சொல்லிக்கொண்டு நிழலுக்காக வந்திருக்கும் பெரியோர்களே! வேளாங்கண்ணியின் வணக்கம்.

பின்வரிசையில் கேட்கவில்லையா அக்கா? எனக்கே கேட்கவில்லை. இதோ, மைக்குக்குப் பக்கத்தில் வருகிறேன். ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் நான். பேச வராது; நடந்ததைச் சொல்ல வரும்.

என் அண்ணன் சவுரியப்பன் சர்க்கரை ஆலையில் வேலை செய்கிறார். அண்ணி ராஜமேரி. அண்ணி உட்கார்ந்தால் பஸ்ஸில் இரண்டு பேர் சீட்டு நிறையும். சிரித்தால் பஸ்ஸே நிறையும். முதல் பிரசவம் வீட்டில்தான். தலை வந்தது, தோள் வரவில்லை. தோள் வந்தபோது உயிர் இல்லை. பிறந்த அன்றே மூன்று மாதப் பிள்ளை போலப் பருத்திருந்தது. ஊர்க்கண் பட்டுவிட்டது என்றார்கள்.

மறுபடி அண்ணி முழுகாமல் இருந்தார். என் அம்மா இன்னாசியம்மாள் என்ன செய்தார்? போன பிள்ளைக்கும் சேர்த்து ஊட்டினார். காலையில் களி, இரண்டு உருண்டை. மத்தியானம் சோறும் வெல்லப் பாயசமும். சாயங்காலம்? மிச்சப் பாயசம். அண்ணி சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தார். நொடிக்கொரு தரம் புழக்கடைக்குப் போனார். அவர் ஒதுங்கிய இடத்தில்தான் அந்த எறும்பு! வீட்டுக்குள் வெல்லப் பானை திறந்து கிடக்கிறது. அதை மதிக்காமல், அங்கே தேர்த்திருவிழா போலக் கூடியிருந்தது.

சிரியுங்கள், சிரியுங்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நல்லம்பள்ளி ஆஸ்பத்திரிக்குப் போய் நர்ஸம்மா காதில் மட்டும் சொன்னேன். சீசாவில் பிடித்து வரச் சொன்னார்.

அண்ணியிடம் கெஞ்சி வாங்கி, இருமல் மருந்துச் சீசாவைத் துணியில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். "என்ன பாப்பா, தேனா?" என்றார் கண்டக்டர். இனிப்பு என்ற வரைக்கும் பொய்யில்லையே! தலையை ஆட்டிவிட்டேன்.

நர்ஸம்மா நீல மருந்தில் சில சொட்டு விட்டுச் சூடாக்கினார். நீலம் பச்சையாயிற்று. பச்சை மஞ்சளாயிற்று. மஞ்சள் செங்கல் நிறமாயிற்று. நர்ஸம்மா முகம் மாறியே போயிற்று. தாயின் ரத்தத்தில் மிஞ்சுகிற சர்க்கரை பிள்ளைக்கும் போகும், பிள்ளை அளவு மீறி வளரும், வரும் வழியில் தோள் சிக்கும் என்றார். உடம்பு பருத்தவர்களுக்கு இது வர வாய்ப்பு அதிகமாம்.

மறுநாள் வீட்டுக்கே வந்தார். வந்தவர் அம்மாவிடம் எடுத்த எடுப்பில், "உங்க வூட்டுல சர்க்கரை அதிகமா இருக்குதுங்க" என்றார். ஆலைத் தொழிலாளி வீட்டில் சொல்லும் பேச்சா இது?

"எம் மவன் ஒரு பிடி சர்க்கரை எடுத்தவன் இல்லீங்க. வேணும்னா வூட்டைச் சோதிச்சுப் பாருங்க."

"வூட்டுல இல்லீங்க. உங்க மருமக உடம்புல."

"அவ சேலையில மறைச்சு வெச்சிருக்கறான்னு சொல்றீங்களா?"

அண்ணன் வெளியே வந்து இரண்டு பாக்கெட்டையும் வெளியே இழுத்துக் காட்டினார். பீடி விழுந்தது. பக்கத்து வீடுகள் கூடிவிட்டன. நர்ஸம்மா ஆஸ்பத்திரி என்றார். அம்மா கேட்கவே இல்லை. மருமகள் எங்கேயும் வரமாட்டாள் என்று நிலைப்படியில் கையை விரித்து நின்றுவிட்டார்.

யார் சொல்வது? விருந்தாளி வந்தால் அடுப்படியில் ஒளிகிற நான் சொல்வதா? அப்பா முன்னால், அண்ணன் முன்னால், தெருவே முன்னால், அந்தச் சொல்லைச் சொல்வதா?

சொன்னேன். "அண்ணி மூத்திரத்துல சர்க்கரை இருக்குதும்மா. நாந்தான் சீசாவுல எடுத்துட்டுப் போனேன். போன புள்ள கண்ணு பட்டுச் சாவல. பெருத்துப் போயி, தோள் சிக்கிச் செத்துச்சு."

அண்ணி உள்ளேயிருந்து, "இதையாவது நான் உசுரோட பாக்கணுங்க அத்தை" என்றார்.

அப்புறம் தினம் ஊசி, அளந்து சாப்பாடு, பெரிய ஆஸ்பத்திரியில் பிரசவம். பிள்ளை அளவாக ஆறு ராத்தல்! அதோ, மூன்றாவது வரிசையில் என் அம்மா மடியில், என் பேச்சைக் கேட்க விடாமல் கத்துகிறானே, அவன்தான். கத்தட்டும்! இவன் அண்ணன் கத்தவில்லை.

தாய்மாரே! பருத்திருப்பது பாவமா? இல்லை. சர்க்கரை சாபமா? இல்லை. சோதிக்காமல் இருப்பதுதான் ஆபத்து. சீசா கொண்டுவர வெட்கமா? வெட்கத்தில் என்னை வெல்ல இந்தத் தருமபுரி மாவட்டத்திலேயே ஆளில்லை. நானே கொண்டு போனேன்!

நன்றியை இப்போதே சொல்லிவிடுகிறேன். கடைசி வரியைச் சொன்னதும் இறங்கி ஓடிவிடுவேன். பொறுத்துக் கேட்ட எல்லோருக்கும் நன்றி, வணக்கம்.

அன்றைக்கு நான் பேசி முடித்த பிறகும் அம்மாவின் கைகள் நிலைப்படியை விடவில்லை. நான் அவர் கைக்கு அடியில் குனிந்து உள்ளே போய், அண்ணியின் செருப்பை எடுத்து வந்து, தெருவைப் பார்த்தபடி வாசலில் வைத்தேன்.