கணவாய் வழியாத்தான் போகணும்

— அந்த வழி வேண்டாம்னு சொன்னா கேளுங்கம்மா. ஏரிக்கரைப் பாதையில போங்க. நாலு மணி நேரம் கூட ஆகும், ஆகட்டுமே. பனிக்காலத்துல வெளியூர்க்காரங்களுக்கு அதுதான் சரி.

— எனக்குக் கணவாய்க்குத்தான் போகணும் தம்பி.

— கணவாய்ல என்ன இருக்கு? பாறை, பனி, காத்து. பனி தள்ளுற வண்டி ரெண்டு நிறுத்தி வைக்க ஒரு தகரக் கொட்டகை. பார்க்கறதுக்கு ஒண்ணும் கிடையாது.

— அந்தக் கொட்டகைக்குத்தான் போகணும்.

— கேட்டுக்குங்க. நான் வண்டி வாடகைக்கு விடறவன். வேண்டாம்னு சொல்லி என் பிழைப்பை நானே கெடுத்துக்கறேன்னா, அதுல ஏதோ விஷயம் இருக்குன்னு புரிஞ்சுக்க மாட்டீங்களா?

— அதான் என்ன விஷயம்னு கேக்கறேன். முப்பத்தோரு வருஷம் ரெண்டாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தவ நான். ஒருத்தர் காரணத்தை மென்னு முழுங்கினா எனக்குத் தெரிஞ்சிடும்.

— டீச்சரா? சரிதான். டீச்சரம்மா, ரோடு வழுக்கும். வெயில் மூணு மணிக்கே மலைக்குப் பின்னாடி போயிடும். போன் எடுக்காது. வயசான காலத்துல தனியா வண்டி ஓட்டிக்கிட்டு...

— பாருங்க, நான் சும்மா கிளம்பி வரலை. நாளைக்குக் காலையில ஏழு மணிக்குப் புறப்படறேன், மத்தியானத்துக்குள்ள மேல இருப்பேன், ரெண்டு மணிக்கு முன்னாடி இறங்க ஆரம்பிச்சிடுவேன். டேங்க் பாதி காலியாகறதுக்குள்ள ரொப்பிக்குவேன். ரெண்டு கம்பளி, ஒரு மண்வெட்டி, பிளாஸ்க்ல வெந்நீர். சக்கரத்துக்குச் சங்கிலி மாட்டவும் கத்துக்கிட்டேன்.

— எங்க? உங்க ஊர்ல பனியே பெய்யாதுன்னீங்களே.

— பக்கத்து வீட்டுக்காரர் வண்டியில பழகினேன். எங்க காவல்காரர் நான் டயர் திருடறேன்னு நினைச்சு விசில் அடிச்சுட்டார். இப்போ கண்ணை மூடிக்கிட்டு மாட்டுவேன், பத்தே நிமிஷம்.

— இவ்வளவு பாடுபட்டு அந்தக் கொட்டகைக்கு எதுக்கும்மா?

— நன்றி சொல்லணும். அதுக்குத்தான்.

— யாருக்கு?

— பேர் தெரியாது. போன வருஷம் இதே மாசம் நானும் எங்க வீட்டுக்காரரும் வந்திருந்தோம். அவர் தண்ணி மீட்டர் பார்க்கற வேலையில இருந்தவர். வாழ்நாள் பூரா வீடு வீடா குனிஞ்சு குனிஞ்சு மீட்டரைப் பார்த்தே நாள் போச்சு. ரிட்டயர் ஆன அன்னைக்கு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டார், பனியைக் கையால தொட்டுப் பார்க்கணும்னு. வந்தோம். வேற ஒரு இடத்துல வண்டி எடுத்தோம். மத்தியானம் கிளம்பாதீங்கன்னு அவங்க சொன்னாங்க. நாங்க சாப்பிட்டு, ஒரு தூக்கம் தூங்கி, ஆற அமரக் கிளம்பினோம்.

— எல்லாரும் பண்றதுதான்.

— கணவாய்க்குக் கொஞ்சம் கீழ, ஒரு வளைவுல வண்டி சறுக்கி ஓரத்துக் கால்வாய்ல இறங்கிடுச்சு. அடி எதுவும் படலை. முதல்ல அவர் சிரிச்சார். இறங்கி, ஆசை தீரப் பனியை அள்ளி அள்ளிப் பார்த்தார். அந்தக் குளிர் நெஞ்சுல இறங்கிடுச்சு. அவருக்கு இழுப்பு உண்டு. உறிஞ்சற மருந்து தீர்ந்து போச்சு. அரை மணி நேரத்துல உதடு நீலம் பாரிச்சிடுச்சு. அவர் முதுகைத் தேய்ச்சு விட்டுக்கிட்டே, நான்தானே இந்தத் தூக்கம் தூங்கலாம்னு சொன்னேன்னு மனசுக்குள்ள அழுதேன்.

— எந்த வளைவு அது?

— ரோட்டு மேல ஒரு பெரிய பாறை சாய்ஞ்ச மாதிரி நிக்குமே, அங்க.

— தெரியும். என்ன தேதின்னு சொன்னீங்க?

— தேதி சொல்லலையே. ஒன்பதாம் தேதி, வியாழக்கிழமை. ஏன் தம்பி?

— ஒண்ணுமில்லை. சொல்லுங்க.

— கீழயிருந்து ஒரு மஞ்சள் விளக்கு சுத்திக்கிட்டே வந்துச்சு. பனி தள்ளுற வண்டி. ஓட்டறவர் இறங்கி வந்தார். அம்பது வயசு இருக்கும், காதுல பஞ்சு. எங்க வீட்டுக்காரரை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். பிள்ளையைத் தூக்கற மாதிரி தூக்கி உள்ள உட்கார வெச்சார். தன்னோட கோட்டைக் கழட்டிப் போர்த்தினார். அப்புறம் ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். மேல பார்த்தார், கீழ பார்த்தார். ஏன் கிளம்ப மாட்டேங்கறார்னு எனக்கு உயிர் போகுது.

— அப்புறம் திருப்பிட்டார்.

— திருப்பினார். அந்த இடத்துல திருப்ப வழியே இல்லை தம்பி. பின்னாடி சக்கரம் பள்ளத்து விளிம்புல நிக்குது. முன்னாடி ஒரு அடி, பின்னாடி ஒரு அடின்னு பத்துப் பதினஞ்சு தடவை. அவர் கை அப்படி நடுங்குச்சு.

— நடுங்குச்சா? மேலயிருந்து பார்த்தா... பார்த்திருந்தா, சட்டுனு திருப்பின மாதிரிதான் இருந்திருக்கும்.

— சட்டுனு எங்க. இறங்கற வழியெல்லாம் ரேடியோவை வாய்கிட்ட வெச்சுக்கிட்டு, "குட்டி, கேக்குதா? குட்டி, கேக்குதா?"ன்னு கூப்பிட்டுக்கிட்டே இருந்தார். பதிலே வரலை. யாருன்னு கேட்டேன். மேல ஒருத்தன் மாட்டிக்கிட்டிருக்கான், பழுதான வண்டியை எடுக்கப் போனவன், அவனைத் தேடித்தான் கிளம்பினேன்னு சொன்னார். எனக்குத் தூக்கி வாரிப் போட்டுடுச்சு. எங்க வீட்டுக்காரரால பேச முடியலை, மேல போங்க மேல போங்கன்னு கையைக் காட்டறார். அவர் கேக்கலை.

— என்ன சொன்னார்? அவர் சொன்னதை அப்படியே சொல்லுங்க டீச்சரம்மா. ஒரு வார்த்தை விடாம.

— உங்களுக்கு என்ன ஆச்சு? முகமெல்லாம் வெளுத்துப் போச்சே. தண்ணி குடிக்கறீங்களா?

— வேண்டாம். சொல்லுங்க.

— "அவன் தெம்பான பய, தாங்குவான். இவர் தாங்க மாட்டார். அவனை இடுப்புல தூக்கி வளர்த்தவன் நான், எனக்குத் தெரியும்"னார். கொஞ்ச தூரம் போனதும், யார்கிட்டயோ சொல்ற மாதிரி, "அவன்கிட்ட அப்புறமா மன்னிப்பு கேட்டுக்கறேன், கேட்டா குடுத்துடுவான்"னார். கண்ணுல தண்ணி வழியுது, துடைக்கக் கை ஒழியலை. ஆஸ்பத்திரி வாசல்ல எங்களை இறக்கிவிட்டார். இன்ஜினைக்கூட அணைக்கலை. பேர் கேக்கறதுக்குள்ள வண்டி மறுபடி மலை ஏறிடுச்சு. கோட்டு எங்ககிட்டயே தங்கிடுச்சு.

— சார் பிழைச்சாரா?

— பிழைச்சார். பத்து மாசம். டாக்டர் ஒரு மணி நேரம் தாமதமாகியிருந்தா கஷ்டம்னு சொன்னார். அந்தப் பத்து மாசத்துல எங்களுக்குப் பேத்தி பிறந்தா. தினமும் அவளை மடியில போட்டுக்கிட்டு முழு நியூஸ்பேப்பரையும் படிச்சுக் காட்டுவார், அவ கொட்டாவி விடுவா. ரெண்டு மாசத்துக்கு முன்னாடி தூக்கத்துலயே போயிட்டார். நிம்மதியா. நான் அழுதேன் தம்பி, ஆனா குறைன்னு ஒண்ணும் சொல்ல மாட்டேன். அத்தனை நாளும் எங்களுக்குக் கூடுதலாக் கிடைச்சது. குடுத்தவருக்கு ஒரு வார்த்தை சொல்லாம இருந்தா எனக்குச் சோறு இறங்காது.

— அவர் அங்கதான் இருக்கார்னு எப்படித் தெரியும்?

— ரோடு ஆபீசுக்கு எழுதிக் கேட்டேன். இந்த சீசன் முழுக்க மேல் கொட்டகையிலதான் டியூட்டின்னு பதில் போட்டாங்க. நன்றியோட ஒண்ணு கேக்கவும் வேணும். அந்தக் குட்டி பத்திரமா இறங்கினானான்னு. எங்களால ஒருத்தன் மேலயே நின்னுட்டானேன்னு ஒரு வருஷமா நெஞ்சுல முள்ளு மாதிரி குத்துது. எங்க வீட்டுக்காரர் கடைசி வரைக்கும் அதையே கேட்டுக்கிட்டிருந்தார்.

— இறங்கிட்டான்.

— உங்களுக்கு எப்படித் தெரியும்?

— மூணு மணி நேரம் கழிச்சு அவரே வந்து இறக்கினார். கால்ல ரெண்டு விரல் போச்சு. மத்தபடி நல்லாத்தான் இருக்கான். எழுந்திருங்க டீச்சரம்மா, கிளம்பலாம். மணி எட்டுதான் ஆகுது, மத்தியானத்துக்குள்ள ஏறிடலாம்.

— இப்பவா? நாளைக்குக் காலையிலன்னுதானே பேச்சு. வண்டி வாடகைக்கு இன்னும் கையெழுத்துக்கூடப் போடலை.

— வாடகையும் வேண்டாம், கையெழுத்தும் வேண்டாம். நான் ஓட்டறேன். நீங்க கம்பளியைப் போர்த்திக்கிட்டு பக்கத்துல உட்காருங்க.

— கடை?

— ஷட்டரை இழுத்து விட்டுட்டா ஆச்சு.

— இவ்வளவு நேரம் போகாதே போகாதேன்னு சொன்ன மனுஷன், இப்போ என்னைவிட அவசரப்படறீங்க. அவரை உங்களுக்குத் தெரியுமா தம்பி?

— என் கூடப் பிறந்த அண்ணன். அன்னைக்கு நான் மேல நின்னுக்கிட்டு, அந்த மஞ்சள் விளக்கு கிட்ட வந்துட்டுத் திரும்பிப் போறதைப் பார்த்தேன். எதுக்குன்னு அவர் சொல்ல வந்தப்போ நான் காது குடுக்கலை. நீங்க சொல்ற அந்த மன்னிப்பைக் கேக்க அவர் எத்தனையோ தடவை என் வாசல்ல வந்து நின்னார். ஒரு வருஷமா கதவைத் திறக்காதவன் நான்தான், டீச்சரம்மா. குட்டி நான்தான்.