பிரசாத்தின் ஷிப்ட்

பிரசாத் நல்ல பையன்தான் சார். தனக்கு டீ சொன்னால் எனக்கும் சேர்த்துச் சொல்வான், காசு கொடுக்க விடமாட்டான். அவன்மேல் எனக்குத் தனிப்பட்ட கோபம் எதுவும் கிடையாது. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

எங்கள் வார்டுத் தண்ணீர்த் தொட்டியில் ஒன்பது வருடமாக நான் தற்காலிக ஊழியன். தண்ணீர் ஏற்றுவது, ப்ளீச்சிங் பவுடர் கலப்பது, தெருத் தெருவாகப் போய் வால்வு திறப்பது. நிரந்தர இடம் ஒன்று வரும், அது எனக்குத்தான் என்று கவுன்சிலர் சகாதேவன் சொல்லியிருந்தார். நானும் சும்மா இருக்கவில்லை. பௌர்ணமிதோறும் கிரிவலப் பாதையில் அவர் போடும் அன்னதானத்துக்கு டிரம் டிரம்மாகத் தண்ணீர் உருட்டினேன். போஸ்டர் ஒட்டினேன். அவர் மாமனார் சாவுக்குப் பந்தல்கால் நட்டேன்.

இடம் வந்தது. நேர்காணலும் நடந்தது. வேலை பிரசாத்துக்குப் போனது. அவன் சகாதேவனின் மைத்துனி மகன்.

"புகழு, நீ நம்ம ஆளுடா. நீ எங்க போயிடப் போற?" என்றார் சகாதேவன். "அவனுக்குப் பொண்ணு பாக்குறாங்க. வேல இல்லாதவனுக்கு எவன் குடுப்பான்? உனக்குத்தான் கல்யாணம் ஆயிடுச்சே. அவனுக்குக் கொஞ்சம் கத்துக் குடு."

கற்றுக்கொடுத்தேன். சிபாரிசில் வந்தவன், சீக்கிரமே ஏதாவது பெரிய தப்பு செய்வான், ஊரே பார்க்கும், அப்புறம் என்னைத்தான் கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தேன். அவன் தப்பே செய்யவில்லை. விடிவதற்குள் வந்து நின்றான். நான் சொன்ன அளவைக் கைதவறிக்கூடக் குறைக்கவில்லை. தகுதி இல்லாமல் வந்தவன் தகுதியோடு நடந்துகொண்டால் நான் யாரிடம் போய் முறையிடுவது?

ஆகவே அவன் செய்யவேண்டிய தப்பை நான் செய்தேன்.

பவுடர் மூட்டைகளில் சுண்ணாம்புத் தூளை நிரப்பி வைத்தேன். மேலே மட்டும் கொஞ்சம் பவுடர், வாசனைக்கு. அவன் அதைக் கரைத்துத் தொட்டியில் ஊற்றினான். எங்கள் தெருவுக்கு வரும் குழாய் விரிசல் விட்டுச் சாக்கடைக்குள் கிடப்பது எனக்கு ரொம்ப நாளாகத் தெரியும். பவுடர் இருந்தவரை அது பெரிய விஷயமாக இல்லை.

தெருக்குழாய்த் தண்ணீரைப் பிடித்து அதில் சோதனைத் திரவம் இரண்டு சொட்டு விட்டால், பவுடர் கலந்த தண்ணீர் மஞ்சளாகும். அந்த வாரம் அந்த வேலையை நான் எடுத்துக்கொண்டேன்.

"அண்ணே, மஞ்சள் வருதா? வாசனையே கம்மியா கீதே."

"நல்லா வருது. நீ போயி சாப்டு."

"நானும் ஒரு வாட்டி பாக்கட்டுமாண்ணே?"

"ஏன், எம்மேல நம்பிக்கை இல்லியா?"

அவன் போய்ச் சாப்பிட்டான்.

என் வீட்டில் கொதிக்க வைத்த தண்ணீர் மட்டும் குடிக்கச் சொல்லியிருந்தேன். என் மனைவி அருணாதேவி காரணம் கேட்கவில்லை. பக்கத்து வீட்டு ஜோதியம்மாள்தான் மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"இன்னாடி அருணா, வெயிலு இந்தக் கொளுத்து கொளுத்துது, சுடுதண்ணி குடிக்கிறீங்க? உன் வூட்டுக்காரன் ஆபீசர் ஆயிட்டானா?"

அருணா என்னைப் பார்த்தாள். "பையனுக்குச் சளி அக்கா" என்று நான்தான் பதில் சொன்னேன். ஜோதியம்மாள் சிரித்துக்கொண்டே குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போனார். அவர் மகள் பூஜா ஒரு சொம்பை இரண்டு கையாலும் பிடித்தபடி பின்னால் போனாள். அவர்களிடமாவது சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சொல்லியிருந்தால் மதியத்துக்குள் தெருவே வெந்நீர் போட்டிருக்கும். அப்புறம் நான் செய்ததற்கு என்ன அர்த்தம்?

அந்த வாரக் கடைசியில் தெருவில் பாதிப் பேர் வாந்திபேதியோடு ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். மூன்று பேர் இறந்தார்கள். ஜோதியம்மாள் பிழைத்துக்கொண்டார். பூஜா பிழைக்கவில்லை. இரண்டாவது படித்தாள். அடக்கத்துக்கு நானும் போயிருந்தேன். பிரசாத் ஓரமாக உட்கார்ந்து அழுதான். அவனுக்கு ஒரு பாட்டில் தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன்.

விசாரணைக்கு ஆள் வருவதற்குள் மூட்டைகளில் நல்ல பவுடரை வைத்துவிட்டேன். மூட்டையில் பவுடர் இருக்கிறது, தண்ணீரில் இல்லை என்றால், பிரசாத் கலக்கவில்லை என்றுதானே யாரும் சொல்ல வேண்டும்? யாரும் சொல்லவில்லை. சகாதேவன் யாருக்கோ போன் போட்டார். பழைய குழாய்தான் காரணம் என்று அறிக்கை வந்தது. பிரசாத்துக்கு மனசு சரியில்லை என்று, ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து பார்க்கும் வேலைக்கு மாற்றிவிட்டார்கள். தொட்டிக்குச் சகாதேவனுடைய டிரைவரின் தம்பி வந்திருக்கிறான். நேற்று அவனை அழைத்துக்கொண்டு வந்து சகாதேவன் என் தோளைத் தட்டினார்.

"இவனையும் கொஞ்சம் பாத்துக்க புகழு. அடுத்தது கண்டிப்பா உனக்குத்தான்."

அதனால்தான் இந்த ஸ்டேஷனுக்கு வந்தேன். குழாய்மேல் பழி போட்டதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. பவுடரை மாற்றியது நான். சோதனையில் பொய் சொன்னதும் நான். அதற்கு நீங்கள் என்ன செய்தாலும் சரி. ஆனால் அன்றைக்கு ஷிப்டில் இருந்தவன் பிரசாத். கையில் இருப்பது பவுடரா சுண்ணாம்பா என்று தெரியாதவனுக்கு அந்த வேலையைக் கொடுத்தது யார் என்று கேளுங்கள். நான் கேட்டால் தோளைத் தட்டுகிறார்கள். நீங்கள் கேட்டால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

யாரை வேண்டுமானாலும் விசாரித்துப் பாருங்கள் சார். அந்தத் தொட்டி என் பொறுப்பில் இருந்தவரை, எங்கள் தெருவில் ஒரு குழந்தைக்குக்கூட வயிற்றுவலி வந்ததில்லை.