சுவரோரம் முளைத்த புளியங்கன்றுகள்

குழந்தையில்லாத என் மகளின் புருஷனுக்கு வேறு பெண் பார்த்துவிடுவார்களோ என்ற கலக்கத்தோடு ஆவடியில் ரயிலேறினேன். எதிர்ப்பலகையில் தாம்பூலத் தட்டோடு இருந்த அம்மாள், பக்கத்தில் இருந்தவளிடம் மூச்சுவிடாமல் பேசினாள்.

“அக்கா, எங்க வூட்டு ஜன்னலாண்ட பூரா புளியங்கன்னு மொளைச்சுக்கீது!”

“அங்க யாருடி வெதைச்சது?”

“மருமவ துப்புன கொட்டைக்கா! பானையில புளி கொறைஞ்சப்ப, எலின்னு நெனைச்சேன். மசக்கையாம். ஏழு வருசம் கழிச்சு! மூணு மாசம் முடியட்டும்னு வாயே தெறக்கல.”

“புள்ளைக்கு ரெண்டாந்தாரம் நிச்சயம் பண்ணிட்டியேடி?”

“அந்தத் தாம்பூலத்தைத் திருப்பிக் குடுக்கத்தான் அம்பத்தூருக்கு ஓடுறேன்!”

“மொதல்ல கன்னைப் புடுங்கு. வளந்தா சொவரு பொளந்துடும்.”

“பொளக்கட்டும்க்கா. பேரப்புள்ள பொறக்கட்டும், வேற சொவரு கட்டிக்கலாம்.”